உது நீர் எழுதினதோ?

கம்பஸ் முதலாம் வருசம். ஹொஸ்டல் அறையில் நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து படம் பார்த்தோம். 'அனொனிமஸ்' எண்டு பெயர். உலகம் அழியிற படங்களாக எடுத்துத் தள்ளின ரோலன்ட் எமெரிக், 2011இல் ஒரு மாறுதலுக்கு ஷேக்ஸ்பியரை அழிக்க வெளிக்கிட்டு எடுத்த படம். கதை இதுதான்: ஹம்லெட், மக்பெத் எல்லாம் எழுதினது ஒக்ஸ்போர்ட் பிரபுவான எட்வர்ட் டி வியர். ஒரு பிரபு நாடகக் கொட்டகைக்கு எழுதுவது குடும்பத்துக்கு மானக்கேடு என்பதால் அவர் பெயரை வெளியில் விட முடியாது. ஷேக்ஸ்பியர் என்கிறவன் பேனை பிடிச்சு எழுதத் தெரியாத ஒரு குடிகார நடிகன். அடுத்தவர் எழுதினதுக்குத் தன் பெயரைப் போட்டுக் காசு பார்த்தவன்.

படம் முடிய விடியப்புறம் இரண்டு மணி. மற்ற மூன்று பேரும் படுத்திட்டாங்கள். எனக்கு நித்திரை வரேல்ல. இவ்வளவு காலமும் உலகத்தையே பேய்க்காட்டியிருக்கிறாங்கள் எண்டு போனில் தேடித் தேடி விடியும்வரை வாசித்தேன். அடுத்த ஆறு மாதமும் கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கிற நேரமெல்லாம் என் வேலை இதுதான். ஆராவது ஷேக்ஸ்பியர் எண்டு வாய் திறந்தால் போதும், "எந்த ஷேக்ஸ்பியர்?" எண்டு தொடங்கிவிடுவேன். எல்லாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

நான் அப்போது அடுக்கிய காரணங்கள் சும்மா வாயில் வந்தவை இல்லை. இப்போதும் அவற்றை நேர்மையாகவே சொல்லிப் பார்க்கலாம்.

வில்லியம் ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26இல் ஸ்ட்ராட்போர்ட் என்ற சின்னப் பட்டினத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அப்பா ஜோன், தோல் கையுறை செய்து விற்றவர். மகன் பல்கலைக்கழகம் போகவில்லை. ஊரில் இருந்த இலத்தீன் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார் என்கிறார்கள், ஆனால் அந்தக் காலத்து மாணவர் பதிவேடு ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய கையெழுத்து என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை ஆறே ஆறு. ஆறும் சட்டப் பத்திரங்களில் இருக்கின்றன. பெயரின் எழுத்துக்கூட்டல்கூட அவற்றில் மாறி மாறி வருகிறது. 1616இல் எழுதின மரணசாசனத்தில் மனைவிக்கு விட்டுப்போன 'இரண்டாந்தரக் கட்டில்' வரை கணக்கு இருக்கிறது. ஒரு புத்தகத்தைப் பற்றியோ ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அவர் எழுதின கடிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு இத்தாலி எப்படித் தெரியும்? அரண்மனை வழக்கம் எப்படித் தெரியும்? சட்டமும் வேட்டையும் ஓவிட்டின் கவிதையும் எப்படித் தெரியும்? ஒருநாள் நான் இந்தக் கேள்விகளை அடுக்கிக்கொண்டு போக, இங்கிலிஷ் ஸ்பெஷல் செய்த ஒரு அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னா: "தம்பி, முதல்ல இந்தச் சந்தேகம் எப்ப தொடங்கினது எண்டு தேடிப் பாருமன்."

தேடினேன். ஷேக்ஸ்பியரோடு நடித்தவர்கள், அவரோடு போட்டி போட்டவர்கள், அவருடைய புத்தகங்களை அச்சடித்தவர்கள், அவரைப் பிடிக்காதவர்கள் என்று ஒருவரும் அவர் எழுதவில்லை என்று சொல்லி வைக்கவில்லை. சந்தேகம் பெரிதாகக் கிளம்பியது 1850களில். அவர் இறந்து 240 வருசத்துக்குப் பிறகு.

டீலியா பேக்கன் என்ற அமெரிக்கப் பெண் 1857இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். பிரான்சிஸ் பேக்கன், வோல்டர் ராலே போன்ற பெரிய மூளைகள் கூட்டாக இருந்து தங்கள் அரசியல் கருத்துகளை நாடகங்களுக்குள் ஒளித்து வைத்தன என்பது அவருடைய வாதம். அதற்கு முன்னர் ஒருநாள் இரவு ஸ்ட்ராட்போர்ட் தேவாலயத்துக்குள் ஷேக்ஸ்பியரின் கல்லறைக்குப் பக்கத்தில் தனியாக இருந்திருக்கிறார். கல்லைப் புரட்டினால் ஆதாரம் கிடைக்கும் என்ற எண்ணம். கடைசியில் புரட்டவில்லை. 1859இல் ஒரு மனநல விடுதியில் அவர் இறந்துபோனார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூர்மையான மனுசி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் பூட்டியிருந்த காலத்தில் தானாகப் படித்து, மேடைகளில் வரலாறு பேசிச் சீவித்தவர். அப்படிப்பட்ட ஒருவரே 'படிக்காதவன் எப்படி எழுதுவான்?' என்று கேட்டது எனக்கு இன்றுவரை ஒரு புதிர்.

அவருக்குப் பின்னால் சங்கேதக் கூட்டம் வந்தது. இக்னேஷியஸ் டொனெலி என்ற அமெரிக்க அரசியல்வாதி 1888இல் நாடகங்களுக்குள் பேக்கனின் இரகசியச் செய்தியைக் கண்டுபிடித்ததாகப் பெரிய புத்தகம் போட்டார். டெற்றோயிட் நகரத்து டொக்டர் ஓவன், சங்கேதம் சொன்னது என்று நம்பி இங்கிலாந்துக்குப் போய் வை ஆற்றின் படுகையையே கிண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் வில்லியம் ஃபிரீட்மன், எலிசபெத் ஃபிரீட்மன் என்ற தம்பதி 1957இல் இந்தச் சங்கேதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒன்றுகூட நிற்காது என்று எழுதினார்கள். இருவரும் அமெரிக்க அரசுக்கு எதிரிகளின் இரகசியச் செய்திகளை உடைத்துக் கொடுத்தவர்கள். இளவயதில் இருவரும் சந்தித்துக்கொண்டதே பேக்கன் சங்கேதம் தேடுகிற ஒரு இடத்தில் வேலை செய்தபோதுதான்.

ஒக்ஸ்போர்ட் பிரபு மேடைக்கு வந்தது இன்னும் பிந்தி, 1920இல். ஜே. தோமஸ் லூனி என்ற ஆங்கிலேய ஆசிரியர் எழுதிய புத்தகம் மூலம். சிக்மண்ட் பிராய்ட் கூட அதை வாசித்து மனம் மாறினார். பெரிய மூளைக்காரரும் பிடிபடுகிற விசயம்தான் இது. அந்த வகையில் ஹொஸ்டல் அறைப் பொடியனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு கடதாசிப் பக்கம் வந்தேன். எனக்கு அடி விழுந்த இடம் அதுதான்.

முதலாவது, திகதி. ஒக்ஸ்போர்ட் பிரபு செத்தது 1604 ஜூனில். 1605க்கும் 1613க்கும் இடையில் லியர் மன்னன், மக்பெத், புயல் என்று நாடகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புயல் நாடகத்தில் வருகிற கப்பல் விபத்துக்கு, 1609இல் பெர்முடாத் தீவில் ஒரு கப்பல் தரைதட்டினதைப் பற்றி 1610இல் எழுதப்பட்ட கடிதம் ஒன்றை ஆசிரியர் பயன்படுத்தியிருக்கிறார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. செத்த மனுசன் எழுதி வைத்ததை மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டார்கள் என்று இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். பிந்திய நாடகங்கள் பிளெச்சர் என்ற இளையவரோடு சேர்ந்து எழுதப்பட்டவை என்கிறபோது அந்தப் பதிலும் நொண்டுகிறது.

இரண்டாவது, 1598இல் பிரான்சிஸ் மியர்ஸ் என்பவர் அந்தக் காலத்து எழுத்தாளர்களைப் பட்டியல் போட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நகைச்சுவை நாடகத்தில் சிறந்தவர்கள் யார் என்ற பட்டியலில் ஒக்ஸ்போர்ட் பிரபுவும் இருக்கிறார், ஷேக்ஸ்பியரும் இருக்கிறார். இரண்டு பேராக, தனித்தனியாக. அப்படியானால் பிரபு நாடகம் எழுதினது ஒரு இரகசியமே இல்லை. ஊருக்குத் தெரிந்த விசயம். என் படத்தின் அத்திவாரமே அங்கே ஆடிப்போயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம். 1599இல் அச்சான ரோமியோ ஜூலியட் பதிப்பில் ஒரு இடத்தில் பீற்றர் என்ற வேலைக்காரன் மேடைக்கு வரவேண்டும். அந்த இடத்தில் வில் கெம்ப் வருகிறார் என்று அச்சாகியிருக்கிறது. கெம்ப் ஒரு கதாபாத்திரம் இல்லை. ஷேக்ஸ்பியரின் குழுவில் இருந்த பகிடி நடிகர். அடுத்த வருசம் வந்த வேறொரு நாடகத்திலும் இதே கதை. பாத்திரத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கெம்ப், கௌலி என்று நடிகர்களின் பெயர்கள். எழுதுகிறவருக்கு வசனம் வரும்போதே அதைச் சொல்லப்போகிற ஆளின் முகமும் சேர்ந்து வந்திருக்கிறது. பாத்திரத்தின் பெயரை மறந்து ஆளின் பெயரை எழுதிவிட்டார். கொட்டகைக்குள் அந்த ஆக்களோடு ஒன்றாகப் புழங்கின ஒருவருக்கு வருகிற பிழை இது. மாளிகையில் இருந்து இரகசியமாக எழுதி அனுப்புகிற பிரபுவுக்கு வருகிற பிழையாகத் தெரியவில்லை.

நாலாவது, மரணசாசனம். புத்தகம் இல்லைத்தான். ஆனால் லண்டனில் கூட நடித்த ஹெமிங்ஸ், கொண்டெல், பேர்பேஜ் மூன்று பேருக்கும் நினைவு மோதிரம் வாங்கக் காசு விட்டிருக்கிறார். 1623இல் ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தவர்கள் இதே ஹெமிங்ஸும் கொண்டெலும்தான். அதில் பாதி நாடகங்கள் அதற்கு முன் அச்சேறாதவை. அந்தத் தொகுப்பின் முகப்பில் பென் ஜொன்சன் எழுதிய பாட்டு ஆளை ஏவொன் ஆற்றங்கரையோடு சேர்த்துப் பேசுகிறது. இன்னொருவரின் பாட்டு ஸ்ட்ராட்போர்ட்டில் இருக்கிற நினைவுச்சின்னத்தைச் சொல்கிறது. ஊர்க்காரனும் நடிகனும் எழுத்தாளனும் ஒரே ஆள் என்ற முடிச்சு அங்கே விழுகிறது.

எழுத்துக்கூட்டல் பிரச்சினைக்கு ஒரு சின்னப் பதில்தான். அந்தக் காலத்து இங்கிலிசில் பெயர்களை ஒரே மாதிரி எழுதவேண்டும் என்ற விதி இருக்கவில்லை. நாங்களே ஷேக்ஸ்பியர், சேக்ஸ்பியர், செகப்பிரியர் என்று எழுதுகிறோம். எங்கட விபுலானந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணியில் 'செகசிற்பியார்' ஆக்கிவிட்டார். அதற்காக நாலு பேர் இருந்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஆதாரங்கள் ஒருபக்கம் இருக்கட்டும். லூனி தன் ஆளைத் தேடிய முறைதான் என்னை நிறுத்தினது. அவர் முதலில் நாடகங்களை வாசித்து, இதை எழுதினவருக்கு இன்ன இன்ன தகுதி இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறார். உயர்குடிப் பிறப்பு. நிலப்பிரபுக்களோடு உறவு. இத்தாலியில் மோகம். வல்லூறு பறக்கவிட்டு வேட்டையாடுகிற பழக்கம். நல்ல கல்வி. பிறகு இந்தப் பட்டியலுக்குப் பொருந்துகிற ஆளைத் தேடுகிறார். கையுறைக்காரன் மகன் முதல் வரியிலேயே தள்ளுபடி. அவன் எழுதினானா என்று பார்ப்பதற்கு முன்னமே, அவன் எழுதியிருக்கக் கூடியவனா என்ற கேள்வியில் அவன் கதை முடிந்துவிட்டது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

ஒரு கட்டுரைப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். மழைக்காலத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ரீச்சர் கூப்பிட்டா. என் கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா:

"உது நீர் எழுதினதோ?"

"ஓம் ரீச்சர்."

"உண்மையச் சொல்லும். ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான் ரீச்சர் எழுதினது."

"வீட்டில ஆர் படிச்ச ஆக்கள்?"

அதுக்கு எனக்குப் பதில் வரேல்ல. அப்பாவுக்குச் சைக்கிள் திருத்துகிற கடை. அம்மா ஏழாம் வகுப்போடு நின்றவ. நான் பேசாமல் நின்றதை ரீச்சர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டா. போட்டிக்கு வேறு ஒரு பிள்ளை போனது. ரீச்சர் கூடாத ஆள் இல்லை. அடித்ததுமில்லை, ஏசினதுமில்லை. அவவுடைய மனதில் இருந்த பட்டியலுக்குள் நான் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ரீச்சர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்பா கையில் பிடிபடுகிற கிறீஸைத் துடைக்கப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக நிறுத்து வாங்குவார். அதுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களின் இணைப்புகள் எல்லாம் இருக்கும். சிறுகதை, கட்டுரை, பாதியில் கிழிந்த தொடர்கதை. பின்னேரம் கடையில் இருந்து அப்பா எடுக்கமுதல் நான் வாசித்து முடிக்கவேண்டும். "வாசிச்சிட்டியே, துடைக்கட்டே?" எண்டு கேட்டுவிட்டுத்தான் அப்பா கிழிப்பார். என் தமிழ் எல்லாம் அங்கிருந்து வந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது.

ஷேக்ஸ்பியருக்கும் அப்படி ஒரு பேப்பர்க் கட்டு இருந்தது. அதே ஸ்ட்ராட்போர்ட்டில் தோல் பதனிட்டவரின் மகன் ரிச்சர்ட் பீல்ட் லண்டனில் அச்சகம் வைத்திருந்தார். ஷேக்ஸ்பியரின் முதல் கவிதை நூலை 1593இல் அச்சடித்தவர் அவர்தான். ஊர்ப் பொடியன் ஒருத்தன் அச்சகம் வைத்திருந்தால் புத்தகம் வாசிக்க மாளிகை தேவையில்லை. இலத்தீன் பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் ஓவிட் எல்லாம் பாடமாகவே இருந்தது. ஒரு நாடகத்தில் வில்லியம் என்ற பொடியனை இலத்தீன் இலக்கணம் கேட்டு வாத்தியார் உலுப்புகிற காட்சி வருகிறது. அதே நாடகத்தில் ஒருவரின் தாடிக்குக் கையுறைக்காரனின் தோல் சீவுகிற கத்தி உவமையாகிறது. வல்லூறு வேட்டை தெரிந்தவன் பிரபு என்றால், அந்தக் கத்தியின் வடிவம் தெரிந்தவன் யார்?

அந்தக் காலத்து மற்ற நாடகாசிரியர்களைப் பார்த்தால் இன்னும் விளங்கும். கிறிஸ்தோபர் மார்லோ சப்பாத்துத் தைப்பவரின் மகன். பென் ஜொன்சனின் சிறியதகப்பன் கல் அடுக்குகிற மேசன். ஜொன்சனும் அந்த வேலை செய்தவர், பல்கலைக்கழகப் பட்டம் எடுக்காமலே இங்கிலாந்தின் பெரிய படிப்பாளிகளில் ஒருவராக வந்தவர். நாடகம் அப்போது காசுக்கு எழுதுகிற தொழில். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அதைச் செய்தார்கள். எங்கட பக்கத்தில் டொமினிக் ஜீவா சலூனில் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கிப் பல பத்து வருசம் நடத்தினார். பல்கலைக்கழகப் பக்கம் மாணவனாகப் போகாதவர். அவரைப் பற்றிக் கதைக்கும்போது அவர் எப்படி எழுதினார் என்று கேட்கலாம். அவரா எழுதினார் என்று கேட்டால் எங்களுக்கே கோபம் வரும்.

1592இலேயே ரொபர்ட் கிரீன் பெயரில் வந்த ஒரு சின்னப் புத்தகம் ஷேக்ஸ்பியரைக் கடித்துத் துப்பியிருக்கிறது. கிரீன் கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் பட்டம் எடுத்தவர். படித்தவர்களின் இறகைச் சொருகிக்கொண்டு திரிகிற காகம், நடிகனாக இருந்துகொண்டு எங்களைப் போல எழுதலாம் என்று நினைக்கிறான் என்பது அதில் வருகிற ஆத்திரத்தின் சாரம். ஆத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் காகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுதுகிற பிரபு ஒருவர் இருக்கிறார் என்று அது சொல்லவில்லை. நடிகன் எழுத வெளிக்கிட்டான் என்பதுதான் குற்றச்சாட்டே. இந்தப் புத்தகத்தையும் கிரீன் எழுதவில்லை, அவர் செத்த பிறகு அச்சுக்குக் கொடுத்த செற்றிலே எழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. செற்றில் மறுத்தார்.

அப்படியென்றால் யார் எழுதியது என்று கேட்பதே பிழையா? இல்லை. கேட்கவேண்டிய விதம் ஒன்று இருக்கிறது. 1850இல் ஜேம்ஸ் ஸ்பெடிங் என்பவர் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தை எழுதியது யார் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பிரபு யார், பட்டதாரி யார் என்று அவர் தேடவில்லை. வரிகள் எப்படி முடிகின்றன, அசைகள் எப்படி விழுகின்றன என்று ஒவ்வொரு காட்சியாகப் பார்த்து, இன்ன பகுதி பிளெச்சருடையது என்றார். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள். இந்த ஸ்பெடிங் பிரான்சிஸ் பேக்கனின் நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். பேக்கனின் எழுத்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அவர் பேக்கன்தான் ஷேக்ஸ்பியர் என்ற கதையை நம்பவில்லை.

இந்த வழியில் போனால் வேறொரு ஷேக்ஸ்பியர் வருகிறார். பீலோடு ஒரு நாடகம், மிடில்ரனோடு ஒரு நாடகம், வில்கின்ஸோடு ஒன்று, பிளெச்சரோடு கடைசியில் சில. 2016இல் வந்த நியூ ஒக்ஸ்போர்ட் பதிப்பு 'ஆறாம் ஹென்றி' நாடகங்களுக்கு மார்லோவையும் கூட்டாசிரியராகப் பெயர் போட்டது. தனியாக மலையுச்சியில் இருந்து எழுதின தெய்வம் காணாமல் போய், குழுவுக்கு அடுத்த மாதம் நாடகம் வேண்டும் என்பதால் மற்றவர்களோடு மேசையைப் பகிர்ந்த ஒரு வேலையாள் தெரிகிறார். எனக்கு இந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

பிரித்தானிய நூலகத்தில் 'சேர் தோமஸ் மோர்' என்ற நாடகத்தின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பலர் கைபட்ட பிரதி. அதில் மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியர் தன் கையால் எழுதியவை என்று ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். லண்டனில் குடியேறின வெளிநாட்டவரை விரட்டவேண்டும் என்று கலகம் செய்கிற கூட்டத்துக்கு முன்னால் மோர் நின்று பேசுகிற இடம் அது. நாளைக்கு நீங்கள் துரத்தப்பட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் உங்களை எப்படி நடத்தவேண்டும் என்று நினைப்பீர்கள் என்று கேட்கிறார். அகதி என்ற சொல்லை வீட்டுக்குள் வைத்து வளர்ந்த எங்களுக்கு அதை வாசிக்க என்னவோ செய்யும். அந்தப் பக்கங்களின் படத்தை இணையத்தில் பார்த்தேன். வெட்டல், திருத்தல், வரிக்கு மேல் சொருகல். ஆர் பெத்த பிள்ளை எண்டாலும் எழுதுகிறபோது இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு வசதி. நான் சந்தேகப்பட்டேன், படித்தேன், திருந்தினேன் என்று நல்ல பிள்ளையாக எழும்பிப் போகலாம். ஆனால் போன வருசம் ஒன்று நடந்தது.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கட ஊர் வாசிகசாலையில் ஓ.எல். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 'எங்கள் ஊர்க் கிணறு' எண்டு கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள், ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தாய் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவ. தகப்பன் இல்லை. கட்டுரையில் ஒரு சந்திப் பிழை இல்லை. றகர ரகரம் எல்லாம் சரி. வசனங்கள் ஒன்றோடொன்று அளந்து வைத்தமாதிரி. இந்தக் காலத்தில் போனைத் தட்டினால் கட்டுரை கொட்டும். எனக்கு வாயில் வந்துவிட்டது:

"உது நீர் எழுதினதோ, இல்லாட்டிப் போன் எழுதினதோ?"

வகுப்பே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு போய் இருந்தாள். அடுத்த இரண்டு சனியும் வரவில்லை.

ரீச்சரின் வசனம், சொல்லுக்குச் சொல் என் வாயில் இருந்து வந்ததை நான் வீட்டுக்குப் போற வழியில்தான் கவனித்தேன். அன்றிரவு அந்தக் கட்டுரையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். விடியக்காலையில் பாயில் படுத்தபடியே கப்பிச் சத்தத்தை வைத்து ஆர் தண்ணி அள்ளுகினம் எண்டு சொல்லலாம், அம்மா அள்ளினால் இரண்டு தரம் நின்று நின்று வரும், ஏனெண்டால் அவவுக்குத் தோள்மூட்டு நோ என்று எழுதியிருந்தாள். கெம்ப்பின் பெயர் தவறி விழுந்த மாதிரியான இடம் அது. இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் வருவது. நான் அதைத் தாண்டிப்போய்ச் சந்திப் பிழை இல்லாததைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்திருந்ததும் அதுக்கு ஒரு காரணம். டொக்டர் ஒருவரின் பிள்ளை அதே கட்டுரையைக் கொண்டுவந்திருந்தால் நான் கேட்டிருப்பேனோ என்று என்னை நானே கேட்டேன். நேர்மையான பதில் நல்ல பதிலாக இருக்கவில்லை.

மூன்றாவது சனி வந்தாள். வகுப்புத் தொடங்கமுதல், எல்லாருக்கும் முன்னால் கேட்டதை எல்லாருக்கும் முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும் என்பதால், பிழை என்னுடையது என்று சொன்னேன். கப்பிச் சத்தப் பந்தியை வாசித்தும் காட்டினேன்.

"பரவாயில்லை அண்ணா" எண்டாள்.

அன்றிலிருந்து அவள் தருகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ரஃப் கொப்பித் தாள் இரண்டு மூன்று சேர்த்துக் குத்தியிருக்கும். வெட்டின வசனம், மாற்றின சொல், ஓரத்தில் எழுதிப் பார்த்த எழுத்துக்கூட்டல். தேவையில்லை எண்டு இரண்டு தரம் சொல்லிவிட்டேன். போன சனியும் குத்தித்தான் தந்தாள்.